மாசம் எவ்வளவு தருவீங்க?

"ஒரு பத்து ரூபாயாவது சொல்லுங்கம்மா, ப்ளீஸ்!"

கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் ஃபாரத்தோடு நின்ற ஷெர்வின் ஏறக்குறையக் கெஞ்சினான். எல்லம்மா இஸ்திரிப் பெட்டியின் கரியை ஊதிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னொரு தபா கேளு தம்பி. இன்னா கேட்டே?"

"இந்தத் தோப்பு இப்படியே இருக்கணும்னா, மாசம் எவ்வளவு தருவீங்க?"

அடுகோடிப் பேட்டையில் பட்டறைகளுக்குப் பின்னால் இருந்த அந்தச் சர்க்கார் நிலத்தில் நாற்பது புங்க மரங்கள். அதில் ஒன்றின் அடியில்தான் பதினெட்டு வருஷமாக எல்லம்மாவின் இஸ்திரி வண்டி நிற்கிறது. நிழல் போனால் பிழைப்பும் போச்சு. கொதிக்கிற கரிப்பெட்டியோடு வெயிலில் நின்று யாரால் தேய்க்க முடியும்? நிழலுக்கு மாசம் இவ்வளவு என்று தண்டல் வந்தாலும் அதே கதிதான்.

"காசு வாங்க வரலைம்மா. சும்மா சொன்னாப் போதும்."

"சும்மா கேக்கறவனுக்கு நோட்டும் பேனாவும் எதுக்கு? எதுக்குக் கேக்கறேன்னு நீ சொல்லு, அப்புறம் நான் சொல்றேன்."

"அதை மட்டும் சொல்லக் கூடாதும்மா. சொன்னா உங்க பதில் மாறிடும். ரூல்ஸ் அப்படி."

மாட்டிக்கொண்டான் என்று எல்லம்மா மனசுக்குள் சிரித்தாள். அவள் சூடு கண்ட பூனை. போன வருஷம் இப்படித்தான் ஒருவர் வந்து தள்ளுவண்டிகளைச் 'சும்மா' எண்ணிக்கொண்டு போனார். அடுத்த மாசமே வண்டிக்கு இவ்வளவு என்று ரசீது வந்துவிட்டது.

"எழுதிக்கோ. ஒத்தப் பைசா தர மாட்டேன். பூஜ்யம்!"

"கொஞ்சம் யோசிச்சு..."

"எல்லாம் யோசிச்சாச்சு. கையெழுத்து எங்க போடணும்?"

ஷெர்வினின் முகம் தொங்கிப் போயிற்று. பாவம், கமிஷன் போச்சே என்று கவலைப்படுகிறான் போலிருக்கிறது என்று எல்லம்மா நினைத்துக்கொண்டாள்.

அவன் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதற்குள், அவள் லேத்துப் பட்டறை சில்வெஸ்டரிடம் ஓடினாள்.

"அண்ணே, தோப்புக்கு வரி போடப் போறாங்க! மாசம் எவ்ளோ தருவேன்னு ஒரு தம்பி வந்து கேக்கும். வாய் தவறி ஒரு ரூபான்னு சொன்னீங்க, அவ்ளோதான்!"

சில்வெஸ்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அந்த மரத்துல பாதி எங்கப்பா நட்டது எல்லம்மா. எங்க மரத்துக்கு நானே காசு குடுக்கணுமா? இரு, தெரு பூரா நானும் சொல்லி வைக்கறேன்."

சாயங்காலத்துக்குள் இருநூற்றுப் பதினான்கு வீடுகளும் ஒரே குரலில் பூஜ்யம் பாடிவிட்டன. சில்வெஸ்டர் தோப்பு நிழலில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எல்லம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மூன்று மாசம் கழித்து ஒரு காலையில், வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த எல்லம்மா பகீரென்று நின்றுவிட்டாள். நான்கு மரங்கள் ஏற்கெனவே தரையில் கிடந்தன. அவளுடைய மரத்தில் ரம்பம் அலறிக்கொண்டிருந்தது.

"ஐயோ, நிறுத்துங்க சார்! நிறுத்துங்க!"

ஃபைலோடு நின்ற அதிகாரி திரும்பினார்.

"பார்க்கிங் கட்டடம் வருதும்மா. அதுக்கு ரெண்டு இடம் பார்த்தோம். எந்த இடத்தை ஜனங்க ஒசத்தியா மதிக்கறாங்களோ அதை விட்டுட்டு, மத்ததை எடுக்கணும்னு ஆர்டர்."

"எங்க உசுரே இந்தத் தோப்புதான் சார்!" எல்லம்மா அவர் முன்னால் போய் நின்றாள். "யாரைக் கேட்டு வெட்டறீங்க?"

"உங்களைக் கேட்டுத்தான். நாங்க பார்த்த இன்னொரு இடம், அந்தப் புதர் மண்டின காலி மனைக்குக்கூட ஜனங்க மாசம் அஞ்சு ரூபா தர்றோம்னு சொல்லியிருக்காங்க. இங்க பாருங்க" என்று அவர் ஃபைலைத் திருப்பிக் காட்டினார்.

மேலிருந்து கீழாக இருநூற்றுப் பதினான்கு பூஜ்யங்கள். முதல் பூஜ்யத்துக்குப் பக்கத்தில், கொட்டை எழுத்தில், அவள் கேட்டு வாங்கிப் போட்ட கையெழுத்து.