ரோலர் இழுத்த மழை

ஆயிரம் வருஷத்து மழையை ரோடு ரோலரில் கட்டி இழுத்து வெளியே போட்டவன் நான்.

உத்திரமேரூரில் இதை நம்பாதவர் ஒரே ஒருவர், கான்ட்ராக்டர் வேதாசலம். மற்றவர்கள் நம்பியும் இருக்க மாட்டார்கள். ஆனால் என் எதிரே தலையாட்டும் மரியாதை அவர்களுக்கு இருந்தது.

எண்பத்தைந்தாம் வருஷம் ஐப்பசியில் ஒரு காலை, ரோலர் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற உற்சாகத்தில், அவரிடம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அவர் தன் புது வீட்டு மொட்டைமாடியில் குடையோடு நின்றார். நான் கீழே. கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பத்து வருஷத்துக்கு முந்தைய கோடை அது. ஏரி வெடித்துக் கிடந்தது. பழைய காலத்து மழையை ஆராய வந்த சுலோச்சனா அம்மாள், ஏரி நடுவில் இறக்கிய இரும்புக் குழாயை எடுக்க முடியாமல் தவித்தார். மூன்று கம்பத்தை முக்காலியாய் நட்டு, கப்பி மாட்டி, சங்கிலியை என் ரோலரில் கட்டினோம். நான் ஒரு இழு இழுத்ததில் ஏரியே ஒரு சாண் உயர்ந்து இறங்கியது.

குழாயைப் பிளந்தால் உள்ளே அடுக்கடுக்காய் மண். கறுப்பு, தண்ணீர் நின்ற காலம். வெளுப்பு, காய்ந்த காலம். கறுப்பெல்லாம் நத்தை ஓடு.

அடியிலிருந்த சோழர் காலத்துச் சேற்றில் ஒரு தவளை கண் விழித்து, குடவோலைத் தேர்தலில் யார் ஜெயித்தது என்று கேட்டது.

"இந்த ஏரி செத்ததே இல்லை, தூங்கித் தூங்கி எழுந்திருக்கிறது" என்றார் அந்த அம்மாள். "இனி காய்கிற வருஷங்கள் நீளும். பெய்தால் மொத்தமாகப் பெய்யும்."

அன்றும் இதே குடையோடு பக்கத்தில் நின்ற வேதாசலம் சிரித்தார். "மண்ணப் பாத்து ஜோசியம் சொல்ல காலேஜ் இன்னாத்துக்குமா? ஒரு கிளி போதுமே."

சிரித்தவர் ஏரிக்குள்ளேயே மனை பிரித்து 'வேதாசலம் நகர்' என்று பலகை நட்டார். முதல் வீடு அவருடையது.

அஸ்திவாரக் குழியில் கூடை கூடையாய் நத்தை ஓடு. மனிதர் அதைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வீட்டுக்கு வெள்ளையடித்தார். தண்ணீர் நின்றதற்குச் சாட்சியைச் சுவரில் பூசிக்கொண்டு உள்ளே குடிபோன மேதாவி எனக்குத் தெரிந்து இவர்தான்.

என் கதையை ஒப்புக்கொண்டால் மனை விற்காது. அதனால் ஊர் முழுக்க என்னைப் புளுகன் ஆக்கி வைத்திருந்தார்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "இப்ப இன்னா சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"பொய்" என்றார் மேலிருந்து. குரலில் பழைய தெம்பு இல்லை.

எனக்கென்ன அவசரம்? துடுப்பால் சுவரை ஒரு தள்ளு தள்ளினேன். வெல்லம் காய்ச்சும் கொப்பரை ஒரு சுற்று சுற்றி வீட்டைவிட்டு விலகியது. 'வேதாசலம் நகர்' பலகை மிதந்து வந்து அதன் விளிம்பில் இடித்தது.

கொப்பரையில் எனக்கு எதிரே, மடியில் கோழியோடு, அவர் மனைவி ராணியம்மாள்.

"நெசம்னு சொல்லித் தொலைய்யா" என்றாள் அண்ணாந்து. "பசிக்குது."

வேதாசலம் தண்ணீரைப் பார்த்தார். மாடிப்படியில் மிச்சம் இருந்தது ஒரே படி.

"குழாய் நெசம். ரோலர் நெசம். மழையும் நெசம்தான்யா."

"தவளை?"

குடையை மடக்கினார்.

"கேட்டுது. நான் பக்கத்துலதானே நின்னுக்கினு இருந்தேன். யாரு ஜெயிச்சாங்கன்னுதான் கேட்டுது. கொப்பரைய இப்டி தள்ளுய்யா."