சத்தம் போடாத பெட்டி

"பெருசா வாங்குங்க அக்கா. தெரு பூராவுக்கும் நாடகம் அனுப்பணும்ல?" என்றான் எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ஒஸ்மெல்.

ஹவானாவில் எங்கள் தெருக்காரர்கள் அனுமதி வாங்காமல் ஒரு கம்ப்யூட்டர் நெட்வொர்க் நடத்துகிறோம். நாடகங்களைச் சேமித்து எல்லார் போனுக்கும் அனுப்பும் அதன் சர்வர் பெட்டியை இன்ஸ்பெக்டர் எவெலியோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்; புதுசு வாங்கத்தான் வந்திருந்தேன்.

"சோப்பு டப்பா அளவுல குடு. ஃபேன் சத்தம் கேட்கக் கூடாது. கரண்ட் பில் ஏறக் கூடாது."

"இன்ஸ்பெக்டர்னா அவ்வளவு பயமா?"

"பயமா? எனக்கா? என் நாடகத்தைப் பாதியில நிறுத்தின ஆளு. சும்மா விடுவேனா?"

அடுத்த வாரமே எவெலியோ மறுபடி வந்தார். மின்வெட்டில் தெருவே புழுங்கிக்கொண்டிருக்க, வீடு வீடாகக் கட்டிலைப் புரட்டினார். ஒன்றும் சிக்கவில்லை. ஆனால் பேட்டரியில் ஓடும் மாடி ஆன்டெனாக்கள் வழியாக எல்லார் போனிலும் நாடகம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"கரண்டே இல்லாத தெருவுல எங்கடா ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"தேடுங்க தோழரே, நல்லாத் தேடுங்க!" என்று சிரித்தான் ஒஸ்மெல்.

மாலையில் எவெலியோ வியர்த்து வழிய வீடு திரும்பினார். தெருக்கோடியில் ஆஸ்பத்திரி லைனில் இருப்பதால் அந்த ஒரு வீட்டில் மட்டும் கரண்ட் போவதே இல்லை. பிரிட்ஜைத் திறந்து ஜில்லென்று தண்ணீர் குடித்தார்.

"பிரிட்ஜ் மேல சாயாதீங்க, பின்னாடி ஒயர் இருக்கு" என்றேன், என் கணவரிடம்.