உதடு தெரியாத காட்சிகள்

"செத்துப் போனவ குரல்ல, அவளைப் பெத்தவகிட்டயே பேசறதா? இதைவிடப் பெரிய பாவம் உண்டா?" என்று கேட்டுவிட்டு, கணவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டான்.

அவளுக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் சரியென்று தலையாட்டிவிட்டு வந்தாயிற்று.

அவள் டப்பிங் பேசுகிறவள். திரையில் யாரோ வாயசைப்பார்கள். இருட்டறையில் நின்று இவள் பேசுவாள். இப்போது அவளுக்குக் கிடைத்திருந்தது, ஊரே வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கும் படம். சாகப் போகிற மனைவி, அவளை விட முடியாத புருஷன், சேதி தெரியாத தாய். காதலையும் சாவையும் இதுவரை யாரும் இப்படிக் காட்டியதில்லை என்று பத்திரிகைகள் மூச்சுக்கு மூச்சு எழுதின. சுவருக்குச் சுவர் அந்தப் புதுமுகக் கதாநாயகியின் மூடிய கண்கள்.

படப்பிடிப்பு முடிந்த கையோடு, அந்தப் பெண் சாலை விபத்தில் நிஜமாகவே போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் எதிர்பார்ப்பு எங்கேயோ ஏறிவிட்டது. செத்தவள் சாவதைப் பார்க்க ஜனங்களுக்கு அவ்வளவு அவசரம்.

டைரக்டர்தான் கேட்டார். "அவங்க அம்மா படுத்த படுக்கை. சேதியை இன்னும் சொல்லலை, சொன்னா தாங்க மாட்டாங்க. பொண்ணு வெளியூர் ஷூட்டிங்ல இருக்கான்னு நினைச்சிட்டிருக்காங்க. சாயங்காலம் ஸ்டூடியோ போன்ல கொஞ்ச நேரம் பேசும்மா. உனக்குத்தான் அந்தக் குரல் அப்படியே வருது."

மறுக்க மனசு வரவில்லை. ஒப்புக்கொண்டாள்.

முதல் நாள் ரிசீவரை எடுத்து "அம்மா" என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து மெல்ல, "வந்துட்டியா கண்ணு" என்றது ஒரு வயதான குரல்.

அந்தக் குரலுக்குப் பின்னால் வேறு ஒரு சத்தமும் கிடையாது. ஒரு மின்விசிறி, ஒரு பாத்திரம், தெருவில் ஒரு வண்டி, எதுவும் இல்லை. வெறும் குரல் மட்டும், கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி.

தினமும் பேசினார்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, தலைவலி விட்டதா என்று அந்தத் தாய் எல்லாம் கேட்டாள். எப்போது வருவாய் என்று மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒன்று சொல்வாள்.

"நான் எங்கேயும் போகலடி. இங்கதான் இருக்கேன்."

"நானும் இங்கதாம்மா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு இவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள்.

செத்தவளின் குரல் அவளுக்குள்ளேயே குடியேறிவிட்டது. ஒருநாள் காலையில் தன் மகளைக் கூப்பிட்டாள். வீட்டுக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்று அந்தக் குழந்தை வாசலில் போய் எட்டிப் பார்த்தது.

படத்திலும் கதாநாயகி தாயிடம் போனில் பேசுகிற காட்சிகள் இருந்தன. எல்லாவற்றிலும் ஜன்னலைப் பார்த்து முதுகு காட்டி நிற்பாள். உதடு தெரியாது, எந்தப் பேச்சை வைத்தாலும் ஒட்டும். அதையெல்லாம் எப்போது பேசுவது என்று இவள் கேட்டதற்கு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டைரக்டர்.

மற்ற காட்சிகள் பேசி முடித்த வாரம், அந்தத் தாய் தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று டைரக்டர் சொன்னார். இவள் சொந்தத் தாயைப் பறிகொடுத்தது போல முடங்கிப் போனாள். கணவன் கூட அன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

படம் வெளியான அன்று முதல் காட்சிக்கே போனாள். அரங்கில் எள் விழ இடமில்லை. திரையில் கதாநாயகி ஜன்னலோரம் முதுகு காட்டி நின்றாள்.

"நான் எங்கேயும் போகலடி. இங்கதான் இருக்கேன்."

போனில் கேட்ட அதே தாயின் குரல். பின்னாலேயே இவளுடைய பதில், பொத்திய வாயை மீறி வந்த அழுகை, எல்லாம். ஒன்று விடாமல் பதிவு செய்திருந்தார்கள். அரங்கமே தேம்பியது. இவளுக்கு மட்டும் ஆத்திரம் பொங்கியது. செத்துப் போன ஒரு தாயின் பாசத்தைத் திருடிக் காசாக்கிவிட்டானே பாவி.

வெளியே டைரக்டர் கேமராக்களுக்கு நடுவில் நின்றார். "இந்தப் படத்துல ஒரு பொய்கூடக் கிடையாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவது என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள்.

அவளுக்கு முன்பே நரைத்த தலையோடு ஓர் அம்மாள் அவர் சட்டையைப் பிடித்திருந்தாள். அந்த அம்மாள் வாயைத் திறந்ததும் இவள் அப்படியே நின்றாள். அது செத்துப் போன தாயின் குரல்.

"நான் அந்தக் காலத்துல டப்பிங் பேசினவ. அம்மாவைப் பறிகொடுத்துட்டு ஒரு பொண்ணு சித்தம் கலங்கிக் கிடக்கு, அவ அம்மா மாதிரி ரெண்டு வார்த்தை பேசுங்கன்னு நீங்க கேட்டதாலதானே ஸ்டூடியோவுக்கு வந்து பேசினேன்? அந்தக் குழந்தை அழுத அழுகையை ஊருக்கே போட்டுக் காட்டலாமா?"

"அம்மா" என்றாள் இவள். போனில் கூப்பிட்ட அதே குரல் வந்தது.

அந்த அம்மாள் வெடுக்கென்று திரும்பினாள். சட்டையை விட்டுவிட்டு, இவள் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டாள்.

"நீதானா கண்ணு? இப்ப மனசு தேவலையா?"