ஆறு பேர் சுமை

"ஒரு கட்டிலை இறக்க ரெண்டு பேர் போதாதா? ஆறு பேர் எதுக்கு?" லிஜி லாரிக்குக் குறுக்கே நின்றுகொண்டாள்.

"ஆறு பேர்தான் மோளே," என்றார் சுமைத் தொழிலாளர் தலைவர் ஹம்ஸா. பேரம் பேசுகிற குரலாகவே இல்லை அது.

கேரளத்தின் குன்னங்குளம் கடைத்தெருவில் லிஜி பிசியோதெரபி கிளினிக் வைத்திருந்தாள். அந்தத் தெருவில் லாரியில் எது வந்தாலும் ஹம்ஸாவின் நீலச் சட்டைக்காரர்கள்தான் இறக்குவார்கள்; கூலி ஆள் கணக்கு. இன்று வந்திருப்பது இடுப்பை இழுத்துச் சரிசெய்யும் கட்டில். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. டாக்டரம்மா மகா கஞ்சம் என்றார் பேக்கரிக்காரர். இவர்கள் பகல் கொள்ளைக்காரர்கள் என்றார் மருந்துக்கடைக்காரர்.

லிஜியின் கவலையே வேறு. அந்த ஆறு பேரில் பவுலோஸும் நின்றிருந்தார்.

பவுலோஸுக்கு சயாட்டிகா. இடுப்பில் கிளம்பும் வலி கால் கட்டைவிரல் வரை ஷாக் அடித்த மாதிரி இழுக்கும். கடையடைக்கும் நேரம் பார்த்துப் பின்வாசல் வழியாக வருவார். குப்புறப் படுத்துக் கையூன்றி, நெஞ்சை மட்டும் தூக்கித் தூக்கி இறக்குவார்.

"பல்லி மாதிரி கிடக்கேன் டாக்டரே. நம்ம ஆளுங்களுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்," என்பார்.

மானம் மட்டுமா? சுமக்க முடியாதவன் என்று பெயர் வந்தால் பிழைப்பே போய்விடும். யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று அந்தோணியார் மேல் சத்தியம் வாங்கியிருந்தார். எடை தூக்காதீர்கள் என்று லிஜி தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்டபாடில்லை.

வாயைத் திறந்து சொல்ல வழியில்லை. ஆளைக் குறைத்தாலாவது மனுஷன் தப்பிப்பாரே என்றுதான் இந்த மல்லுக்கட்டு.

"சரி, அஞ்சு பேர். அந்த ஓரத்துல நிக்கிறவர் வேண்டாம்."

"ஏன், எனக்கென்ன குறைச்சல்?" என்று பவுலோஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவளைப் பார்த்துக் கண்ணை உருட்டினார்.

ஹம்ஸா அசையவில்லை. லிஜிதான் வழிவிட வேண்டியதாயிற்று.

கட்டில் கிளம்பியது. நடுவில் பவுலோஸ், சுற்றிலும் மற்ற ஐவர். எந்த நிமிஷம் கால் மடங்குமோ என்று லிஜி பக்கத்திலேயே ஓடினாள்.

அப்போதுதான் கவனித்தாள். ஐந்து பேரும் கட்டிலைத் தோளில் வைக்கவில்லை. கைகளை உயர்த்தி, கழுத்து நரம்பு புடைக்கத் தூக்கிக்கொண்டு போனார்கள். பவுலோஸின் தோளில் மடித்துப் போட்டிருந்த துண்டு நசுங்கவே இல்லை.

உள்ளே இறக்கி வைத்ததும் பவுலோஸ் அவள் காதோரம் வந்தார்.

"உங்க பயிற்சி அபாரம் டாக்டரே. ரெண்டு வாரமா எதைத் தூக்கினாலும் எடையே தெரியல."

அவர் தண்ணீர் குடிக்கப் போனதும் லிஜி ஹம்ஸாவைப் பார்த்தாள். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"நாங்க வரிசை போட்டுத்தான் வேலைக்குப் போறோம், இன்னிக்கு வரிசையில முதல் ஆள் அவன். ரெண்டு பேர்னா அவனும் இன்னொருத்தனும்தான் தூக்கணும். உங்க பேச்சைக் கேட்டிருந்தா பாதிக் கட்டில் அவன் தோள்லதான் மோளே. அவன் முறை வர்ற நாளெல்லாம் நாங்க ஆறு பேராத்தான் போறோம். எங்களுக்குத் தெரியும்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிடாதீங்க."

இந்த மனிதரையா பகல் கொள்ளைக்காரர் என்று மருந்துக்கடைக்காரர் ஏசினார்?

அதற்குள் லாரி டிரைவர், மிச்சமிருந்த பெரிய ரப்பர் பந்து ஒன்றை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு படியேறினார். இடுப்புப் பயிற்சிக்கான பந்து, உள்ளே வெறும் காற்று.

லிஜி பாய்ந்து போய் அவரை மறித்தாள்.

"அதைக் கீழே வைங்க சேட்டா. அதுக்கும் ஆறு பேர் வேணும்."