வேகத்தடை இருந்த இடம்

முதல் பஸ் இறங்கிப் போனது. சத்தம் வரவில்லை.

அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள். பின்னாலேயே பால் வண்டி வந்தது.

அதற்கும் வரவில்லை.

மூன்று வருடமாக அந்த வளைவில் இறங்கும் எந்த வண்டியும் இரண்டு முறை தடதடக்கும். முன் சக்கரம் ஒரு முறை, பின் சக்கரம் ஒரு முறை. அதைக் கேட்ட பிறகுதான் அவள் மூச்சு விடுவாள்.

வெளியே வந்து பார்த்தாள்.

வேகத்தடையைக் காணோம்.

சாலையின் குறுக்கே சொரசொரப்பாக ஒரு பட்டை மட்டும் இருந்தது, பல் பிடுங்கிய ஈறு போல.

அதற்கு இந்தப் பக்கம் வீடு. அந்தப் பக்கம் மகளின் பள்ளிக்கூடம்.

மகளுக்கு எட்டு வயது. மாலையில் தனியாகத்தான் சாலையைக் கடந்து வருவாள். அவளுடைய அப்பா கடக்க முடியாமல் போன சாலை அது.

அன்று அவள் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகவில்லை.

முதலில் அந்தச் சைக்கிள்காரன் மேல்தான் சந்தேகம் வந்தது.

போன மாதம் தனியாக மலையேறி வந்தவன். விரல் தடிமன் சக்கரம். மழித்த கால்கள். டீக்கடையில் ஒரு வாரம் அந்தக் கால்களைப் பற்றித்தான் பேச்சு. ஒவ்வொரு வளைவையும் படம் எடுத்தான். வேகத்தடையின் முன்னால் மட்டும் வெகுநேரம் நின்றான்.

தை மாதம் வெளிநாட்டு வீரர்கள் ஓட்டும் பெரிய பந்தயம் வருகிறதாம். மொத்தம் ஏழு நாள். ஐந்தாம் நாள் மறுபக்கமாக மலையேறி, ஒன்று இந்தச் சாலையில் இறங்குவார்கள், இல்லையென்றால் அணைக்கட்டுச் சாலையில். வரைபடத்தை ரகசியமாக வைத்திருக்கிறார்கள். தன்னைப் போன்றவர்கள் சாலைகளைப் பார்த்தே வழியைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றான்.

"எண்பதுல இறங்குவாங்க. இந்த வேகத்தடை இருந்தா இந்தப் பக்கம் எட்டியே பாக்க மாட்டாங்க."

அதற்குப் பிறகு ஊரே துப்பறிய ஆரம்பித்தது.

குழிகளில் தார் ஊற்றினால் அடையாளம். ஒரு ஜீப் நின்று தண்ணீர் கேட்டால் அடையாளம். அணைக்கட்டுச் சாலையில் தடுப்புக் கம்பிகளுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று டீக்கடைப் பொன்னுரங்கம் யாருக்கும் சரியாக டீ போடவில்லை. அவளுடைய கொழுந்தன் தணிகாசலம் தன் மொட்டை மாடிக்குப் பலகையே எழுதி மாட்டிவிட்டான். 'பந்தயம் பார்க்கும் மாடி. பஜ்ஜி உண்டு.'

வரைபடம் இன்று பதினொரு மணிக்கு வெளியாகிறது.

அவள் குனிந்து பட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

நெடுஞ்சாலைக்காரர்களாக இருக்குமோ என்று நினைத்தாள். அவர்கள் என்றால் இயந்திரம் கொண்டுவருவார்கள். இது கடப்பாரை. இரவெல்லாம் கூரைத் தகரம் காற்றில் அடித்துக்கொண்டதில் அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.

அதோடு, இடம் சுத்தமாக இருந்தது.

ஒரு கல் இல்லை, ஒரு துணுக்கு இல்லை. வாசல் பெருக்குவதுபோல் யாரோ ஒரே பக்கமாகப் பெருக்கியிருந்தார்கள். வழியில் குழந்தைகள் நடப்பார்கள் என்று தெரிந்தவர்கள்.

டீக்கடைக்குள் நுழைந்தாள். பேச்சு நின்றது.

கேட்காமலேயே பொன்னுரங்கம் டம்ளரை நீட்டினான். சர்க்கரை அதிகமாக இருந்தது.

எல்லோரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினொரு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம்.

தணிகாசலம் பெஞ்சில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். செருப்பின் அடிப்பக்கம் அவளைப் பார்த்தபடி இருந்தது.

அதன் பள்ளத்தில் மஞ்சளாக ஒரு துணுக்கு.

வேகத்தடைக்கு அரசாங்கம் அடித்த பெயிண்ட் ஒரு மழைக்கே போய்விட்டது. அதன் பிறகு பொங்கலுக்குப் பொங்கல் அவள்தான் அடித்தாள், தன் வீட்டு ஜன்னலுக்கு வாங்கியதில் மீந்ததை. மாம்பழ மஞ்சள். இந்த மலையில் வேறு யார் வீட்டிலும் அந்த நிறம் கிடையாது.

அவள் தணிகாசலத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பையே பார்த்தாள்.

அண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தச் சரிவில் வெறுங்காலோடு ஓடியவன் இவன். வேகத்தடை கேட்டுப் பதினொரு முறை அவளோடு கலெக்டர் அலுவலகத்துக்கு வந்தவன். மனுவில் முதல் கையெழுத்து இவனுடையது.

வரைபடம் வந்தது.

பொன்னுரங்கம் இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான்.

சிவப்புக் கோடு அணைக்கட்டு வழியாகப் போனது.

ஒருவர் செருமினார். ஒருவர் எழுந்து போனார்.

"பந்தயம் முடிஞ்சதும் திரும்பப் போட்டுடலாம்னுதான் அண்ணி…" என்றான் தணிகாசலம், செல்போனைப் பார்த்தபடியே.

அவள் டம்ளரை வைத்தாள். பொன்னுரங்கத்திடம் அவன் உட்காரும் ஸ்டூலைக் கேட்டாள். அவன் எதற்கு என்று கேட்காமல் எழுந்து கொடுத்தான்.

மாலை, பள்ளி விடும் நேரத்துக்குச் சற்று முன் கொழுந்தனுக்குச் சொல்லி அனுப்பினாள்.

அவன் வந்தபோது ஸ்டூல் சாலையின் நடுவில் இருந்தது. அந்தப் பட்டையின் மேல்.

அவள் ஓரமாக நின்றிருந்தாள்.

மணி அடித்தது.

எதிரே பள்ளிக்கூடக் கேட்டில் மகள் பையோடு வந்து நின்றாள். "சித்தப்பா" என்று கையை ஆட்டினாள்.

மேல் வளைவில் லாரி ஒன்று கியர் மாற்றும் சத்தம் கேட்டது.

அவன் குழந்தையைப் பார்த்தான். ஸ்டூலைப் பார்த்தான்.

பிறகு, அண்ணியின் காலடியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டூலை நோக்கி நடந்தான்.