முன்னால் போகிற வண்டி

"அந்த எடத்துல ஆத்துல எறங்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? நேரா எறங்கினா ஏழு வண்டியும் மணல்ல மாட்டிக்கும்" என்றாள் சஹானா.

"நேரா எறங்கச் சொன்னேனா? பனைமரத்துக்கு இந்தப் பக்கமே திரும்பிச் சாய்வா எறங்கணும். போன்ல பதிவாகி இருக்கு, பாரு" என்றான் விவேக்.

அலிப்பூரில் அரசாங்கக் கட்டடங்களுக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே ஒரு முழம் இடைவெளி. அதில் அவளுடைய நோட்டும் அவனுடைய போனும் கிடந்தன. டிசம்பர் மாதத்துக் காலை வெயில் முதுகுக்கு இதமாக இருந்தது.

இருவரும் கொல்கத்தாவின் ஃபோர் வீல் டிரைவ் கிளப் ஒன்றில் உறுப்பினர்கள். தார்ச்சாலை முடிகிற இடத்தில்தான் அந்தக் கிளப்காரர்களுக்குப் பயணமே தொடங்கும். புருலியா பக்கத்து மலைப்பாதையை இரண்டு வருஷத்துக்கு முன்பே போய்ப் பார்த்து வந்தவர்கள் இவர்கள் மட்டும்தான். சஹானா ஓட்டினாள். விவேக் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னான். திரும்பி வந்த பிறகு இருவருமே கிளப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது, அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி, அதே பாதையில் ஏழு வண்டிகளோடு கிளப் கிளம்புகிறது. தலைவர் ஹரீஷ் இருவருக்கும் தனித்தனியாகப் போன் செய்து கெஞ்சியிருந்தார். "நீங்க வர வேண்டாம். பாதையை மட்டும் எழுதிக் குடுத்துடுங்க. அந்த ஆத்தைத் தாண்டினவங்க வேற யாரு இருக்கா?"

எப்படியும் வெள்ளிக்கிழமை பார்க்கத்தானே போகிறோம், அரை மணி நேரம் முன்னால் வந்தால் எழுதிவிடலாம் என்று விவேக்தான் செய்தி அனுப்பினான். நியூ டவுனிலிருந்து அவன் கேப்பில் வந்தான். லேக் கார்டன்ஸிலிருந்து அவள் ஆட்டோவில் வந்தாள்.

"தீதி, இன்னொரு டீ?" என்று சஹானாவிடம் கேட்டார் கடைக்காரர்.

"அவங்களுக்குச் சக்கரை போடாதீங்க" என்று விவேக் அரைகுறை வங்க மொழியில் முந்திக்கொண்டான்.

சஹானா ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் நோட்டில் குனிந்தாள்.

"முன்னால போற வண்டியை யாரு ஓட்டறது?"

"சாய் கிருஷ்ணாவாம்."

"விளங்கின மாதிரிதான்! அவன் தண்ணியப் பாத்தாலே ஆக்ஸிலேட்டர்மேல ஏறி நிப்பானே. எஞ்சினுக்குள்ள தண்ணி போயிடும்."

"அதையும் எழுதிடு."

"இதெல்லாம் எழுதி வராது விவேக். டயர்ல பாதிக் காத்தை எறக்கிட்டு, பதறாம, ஒரே சீரா போகணும்."

"நீ போனியே, அந்த மாதிரி."

"எங்க போனேன்? நடு ஆத்துல நின்னு போச்சு. நீ கத்தினே."

போனைத் தள்ளிக்கொண்டிருந்த அவன் விரல் நின்றது. போனைப் பெஞ்சில் வைத்தான்.

"தண்ணி உன் கதவுப் பக்கமா ஏறிச்சு. உனக்கு நீச்சலும் தெரியாது. எனக்கு உயிரே போயிடுச்சு. பயத்துல கத்தினேன் சஹானா."

"கோபத்துலன்னு நெனச்சேன். எனக்கு ஓட்டத் தெரியலைன்னு நீ கத்தறதா நெனச்சேன்."

"வர்ற வழியெல்லாம் நீ வாயே தெறக்கல."

"நீ மட்டும் தெறந்தியா?"

டீ வந்தது. மண்குவளையின் சூடு உள்ளங்கையில் ஏற, சஹானா அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். பயம். இவ்வளவு சின்ன வார்த்தையா? இதற்குத்தானா அத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தோம்?  டீயை ஒரு மடக்கு விழுங்கினாள்.

"பனைமரத்துக்கிட்ட திரும்பறப்போ பக்கத்துல ஒருத்தர் சரியா வழி சொல்லணும்" என்றாள். "சாய் கிருஷ்ணாவுக்கு யாரு சொல்லுவா?"

"யாரும் இல்ல."

"அப்போ?"

"நீ ஓட்டறதா இருந்தா, நான் சொல்றேன்."

 அவள் பேனாவை எடுத்துச் சாய் கிருஷ்ணாவின் பெயரை அடித்தாள். மேலே மெதுவாக இரண்டு பெயர்களை எழுதினாள்.

அதன் பிறகு பேச்சு மடை திறந்தது. கயிறு யார் கொண்டுவருவது, கூடாரத்தை எங்கே அடிப்பது, இரண்டாம் நாள் காலையில் உப்புமாவா, ரொட்டியா? விவேக் கிண்டிய உப்புமாவைப் போன தடவை கிராமத்து ஆடுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்றாள் அவள். அவன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். நடுவில் இருந்த நோட்டு எப்போது அவள் மடிக்குப் போனது, அந்த ஒரு முழம் எப்போது இல்லாமல் போனது என்று இருவருக்குமே தெரியாது.

"ஐயோ, இங்கயா உக்காந்திருக்கீங்க?"

கறுப்புக் கோட்டு பறக்கச் சாலையைத் தாண்டி ஓடி வந்தார் வக்கீல் பார்த்தசாரதி. மூச்சு வாங்கியது.

"எத்தனை போன் பண்றது, சைலன்ட்ல போட்டுட்டீங்களா! ரெண்டு பேரு பேரையும் மூணு வாட்டி கூப்பிட்டாச்சு. புருஷனும் இல்ல, பொண்டாட்டியும் இல்லேன்னா ஜட்ஜ் யாருக்கு விவாகரத்து குடுப்பாரு? கேஸை அடுத்த மாசம் பத்தாம் தேதிக்குத் தள்ளி வெச்சுட்டாங்க. அன்னிக்காவது நேரத்துக்கு வந்துடுங்கம்மா."

சஹானா விவேக்கைப் பார்த்தாள். அவன் மூச்சுகூட விடாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பத்தாம் தேதி முடியாது சார்" என்றாள் அவள். "நாங்க ரெண்டு பேரும் அன்னிக்கு ஊர்ல இருக்க மாட்டோம்."