பேசிக்கொண்டே ஓடும் வேகம்

"வாயே மூட மாட்டாருங்கக்கா. ஓடி முடிக்கற வரைக்கும் பேச்சுதான்."

"எங்க வீட்டுக்காரரா?"

"அவரேதானுங்க."

காகிதக் கோப்பை நிரம்பி வழிந்தது. கை நனைந்த பிறகுதான் அவள் குடத்தை நிமிர்த்தினாள்.

குளக்கரையில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம். தண்ணீர் கொடுக்க ஆள் கேட்டிருந்தார்கள், வந்திருந்தாள். அவரிடம் சொல்லவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற பிரவீணா, அவருடைய குழுவில் ஓடுகிறவள். கணுக்கால் சுளுக்கு, இன்று ஓடவில்லை.

"பேசிட்டே ஓட முடியோணும்பாருங்க எங்க கோச். பேச்சு நின்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். அதுக்குன்னே அண்ணனை நடுவுல விட்ருவோம். ரேடியோ மாதிரி."

அவள் சிரிக்கப் பார்த்தாள்.

வீட்டில் அவர் பேசுவதில்லை. சோறு போதும் என்றால் கையைக் காட்டுவார். தூக்கமாவது வரும், ஓடச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். அவள்தான் ஷூ வாங்கி வந்து வாசலில் வைத்தாள்.

"என்னதான் பேசுவாரு?"

"வேறென்ன, நிகிலன் புராணந்தான்."

அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை.

"ஏழாவது போயிட்டானாமே! கையை விட்டுட்டு சைக்கிள் ஓட்டறானாம். நீங்க பாத்தா திட்டுவீங்கன்னு அப்பனும் மகனும் மறைக்கறாங்களாம்."

அவன் ஐந்தாவது முடிக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சல். அவ்வளவுதான்.

"அடுத்த வாட்டி கூட்டிட்டு வாங்கக்கா. சின்னப் பசங்களுக்குத் தனியா ஓட்டம் இருக்குது."

சொல்லிவிடலாம். ஒரு வரி போதும்.

"வெயில் அவனுக்கு ஆகாது," என்றாள்.

வளைவில் கூட்டம் தெரிந்தது.

நடுவில் அவர். கையை வீசி வீசி எதையோ சொல்லிக்கொண்டு வந்தார். சுற்றிலும் சிரிப்பு. அந்தக் கைவீச்சை அவள் மறந்தே போயிருந்தாள்.

அவர் நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். பக்கத்தில் பிரவீணாவைப் பார்த்தார்.

பேச்சு நின்றது. பிறகு கால்கள்.

மற்றவர்கள் தண்ணீரை வாங்கிக்கொண்டு முன்னே போனார்கள்.

"அண்ணா, பையனைக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டேன்," என்றாள் பிரவீணா. "வெயில் ஆகாதாமே? சொல்லவே இல்லை நீங்க!"

அவர் அடி வாங்கக் காத்திருக்கும் பிள்ளையைப் போல அப்படியே நின்றார்.

அவள் மேசையைச் சுற்றி வந்தாள்.

கோப்பையை அவர் கையில் வைத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மெதுவாப் போலாம். கொஞ்ச தூரம் நானும் வர்றேன்."

இருவரும் நடந்தார்கள். காலடியில் காலிக் கோப்பைகள் நசுங்கின. அவருக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"ஏனுங்க," என்றாள், சாலையைப் பார்த்தபடி. "நேத்து அவன் என்ன பண்ணினான்? எனக்கும் சொல்லுங்க."